பின்கட்டடத்தில் இணையம் வரவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

எங்கள் வீடு பினாங்கு பெருநிலத்தில், சுங்கை பாக்காப் பக்கம். முன்னால் வீடு, பின்னால் ரம்புத்தானும் வாழையும், அதையும் தாண்டி ஒரு சின்னக் கட்டடம். தாத்தா காலத்தில் ரப்பர் ஷீட் அடுக்கி வைத்த இடம் அது. இப்போது அண்ணி அங்கே மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். வீட்டு ரவுட்டரிலிருந்து அந்தக் கட்டடத்துக் கதவு வரை டேப் பிடித்து அளந்தேன், 130 மீட்டர். அந்த 130 மீட்டரைக் கடக்க ஆறு வருடத்தில் ரிப்பீட்டர், நீளக் கேபிள், காற்று வழி இணைப்பு (நேருக்கு நேர் பார்த்துப் பேசும் இரண்டு வெளிக் கருவிகள்), கடைசியில் ஃபைபர் என்று எல்லாமே போட்டுவிட்டேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெட்டது. அப்புறம் சொந்தக்காரர் வீடுகள், ஒரு கோவில் மண்டபம், பாலிக் பூலாவில் மாமாவின் ஜாதிக்காய்க் கொட்டகை என்று பல இடங்களுக்குப் போய்ப் பார்த்தேன். திரும்பத் திரும்ப வருவது அதே சில அறிகுறிகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் இடத்தில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

முதலில், எந்தத் துண்டில் பிழை?

வெளியிலிருந்து வரும் லைன் வீட்டு ரவுட்டருக்கு வருவது முதல் துண்டு. ரவுட்டரிலிருந்து வீட்டுச் சுவருக்கு வெளியே மாட்டிய கருவி வரை இரண்டாவது. அங்கிருந்து பின்கட்டடத்துச் சுவர் வரை, காற்றோ கேபிளோ ஃபைபரோ, மூன்றாவது. பின்கட்டடத்துக்குள் போனுக்கும் லேப்டாப்புக்கும் வைஃபை கொடுக்கும் கருவி நான்காவது. பிழை இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும். நான்கையும் ஒரே நேரத்தில் கையில் எடுத்து, எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரீசெட் பொத்தானை அமுக்கினால் பழைய அமைப்பும் போய்விடும், என்ன பிழை என்பதற்கான தடயமும் போய்விடும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லேப்டாப், இரண்டு மீட்டர் நெட்வொர்க் கேபிள், இவ்வளவு போதும். லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு கேபிளை வீட்டு ரவுட்டரில் செருகுங்கள். இணையம் வரவில்லை என்றால் பின்கட்டடத்தைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ஃபைபர் மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளி லைனிலிருந்து சிக்னல் வரவில்லை, சேவை கொடுப்பவரைக் கூப்பிட வேண்டியதுதான். அண்மையில் ரவுட்டரை மாற்றியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை லைனில் இணையம் வீலான் 500 என்று எண்ணிட்ட தடத்தின் வழியாக, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஒஇ முறையில் வருகிறது. கடையில் வாங்கிய புது ரவுட்டரில் அந்த எண்ணைப் போடாமல் விட்டால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தாலும் லைன் ஏறாது.

வீட்டில் சரியாக வந்தால் அதே லேப்டாப்போடு பின்கட்டடத்துக்கு நடந்து போங்கள். அங்கே உள்ளே இருக்கும் வைஃபை கருவியைக் கழற்றிவிட்டு, வெளிக் கருவியிலிருந்து வரும் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகுங்கள். வெளிக் கருவி அந்தக் கேபிள் வழியாகத்தான் மின்சாரம் வாங்குகிறது என்றால், மின்சாரம் கொடுக்கும் சிறு பெட்டியில் லேன் என்று எழுதிய துளையில் செருகுங்கள். பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம்) என்று எழுதிய துளையில் லேப்டாப்பைச் செருகவே கூடாது, அதில் 24 வோல்ட் ஓடலாம். இங்கே இணையம் வந்தால் பிழை நான்காவது துண்டில். வராவிட்டால் இரண்டிலோ மூன்றிலோ. பத்து நிமிடத்தில் பாதி வேலை முடிந்தது.

அறிகுறி: வெளிக் கருவியில் ஒரு விளக்கும் எரியவில்லை

மின்சாரம் போய்ச் சேரவில்லை. மின்சாரம் கொடுக்கும் சிறு பெட்டியில் இருக்கும் இரண்டு துளைகளில் கேபிள்கள் இடம் மாறியிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். பிஓஇ துளை வெளிக் கருவிக்கு, லேன் துளை ரவுட்டருக்கு. வீட்டைப் பெருக்கும்போது யாராவது கழற்றி மாட்டியிருப்பார்கள்.

அது சரியாக இருந்தால் பிஓஇ வகையைப் பாருங்கள். விலை குறைந்த வெளிக் கருவிகள் பல பேசிவ் பிஓஇ என்ற முறையில், நேராக 24 வோல்ட்டில் ஓடுகின்றன. அலுவலக சுவிட்சுகள் கொடுப்பது 802.3ஏஎஃப் அல்லது ஏடி என்ற தரம். அது கிட்டத்தட்ட 48 வோல்ட், அதுவும் கருவியோடு பேசிய பிறகுதான் கொடுக்கும். ஆகவே பிஓஇ சுவிட்ச் வாங்கி 24 வோல்ட் கருவியை மாட்டினால் அது எழுந்திருக்காது. கருவியோடு பெட்டியில் வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் ஆட்கள் நிறைய பயன்படுத்தும் நேரத்தில் கருவி தானாக அணைந்து அணைந்து எரிகிறது என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். மலிவான கேபிள்களில் உள்ளே அலுமினியம், மேலே மட்டும் செம்புப் பூச்சு. மின் தடை அதிகம், வளைத்தால் முறியும். ஒரு துண்டை வெட்டி நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அதுதான். கேட் 6 என்று மேலே அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப முடியாது.

அறிகுறி: வைஃபை பட்டை முழுதாக இருக்கிறது, இணையம் மட்டும் இல்லை

எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதுதான். "அண்ணே, சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா ஒண்ணும் ஓடல." போனில் தெரியும் அந்தப் பட்டை, போனுக்கும் அதே அறையில் இருக்கும் கருவிக்கும் நடுவில் உள்ள தூரத்தை மட்டும்தான் சொல்கிறது. அந்தக் கருவிக்குப் பின்னால் லைன் உயிரோடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

போனின் வைஃபை விவரத்தைத் திறந்து ஐபி முகவரியைப் பாருங்கள். மூன்று விதமாக இருக்கலாம்.

169.254 என்று தொடங்கினால் போனுக்கு யாரும் முகவரி கொடுக்கவில்லை, அதுவே ஒன்றை இட்டுக்கொண்டது. வீட்டு ரவுட்டர் வரை பேச்சு போகவில்லை என்று அர்த்தம். மூன்றாவது துண்டைப் பாருங்கள்.

வீட்டில் எல்லாக் கருவிகளுக்கும் 192.168.1 என்று தொடங்க, இங்கே மட்டும் 192.168.0 என்று வந்தால், பின்கட்டடத்தில் வைத்த பழைய ரவுட்டர் தானே முகவரி கொடுக்கிறது. வீட்டில் சும்மா கிடந்த ரவுட்டரைக் கொண்டுபோய் வைக்கும் எல்லோருக்கும் இது நடக்கும். அதன் அமைப்புப் பக்கத்துக்குப் போய், முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வேலையை நிறுத்துங்கள். அதன் சொந்த முகவரியை 192.168.1.2 போல, வீட்டு ரவுட்டரோடு மோதாத ஒன்றாக மாற்றுங்கள். அந்த எண் வீட்டு ரவுட்டர் வழக்கமாகக் கொடுக்கும் வரிசைக்கு வெளியே இருக்க வேண்டும். பிறகு வெளியிலிருந்து வரும் கேபிளை அதன் வான் (WAN, வெளி லைனுக்கான) துளையில் இல்லாமல் லேன் துளை ஒன்றில் செருகுங்கள். புது ரவுட்டர்களில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் என்று ஒரு தேர்வு இருக்கும், அதைத் தட்டினால் இவ்வளவையும் தானே செய்துகொள்ளும். அந்தத் தேர்வு இருந்தால் அதையே எடுங்கள், கையால் மாற்றுவதைவிடப் பிழை குறைவு.

முகவரி சரியான வரிசையில்தான் இருக்கிறது, ஆனாலும் ஒன்றும் திறக்கவில்லை என்றால் இரண்டு பொருளுக்கு ஒரே முகவரி இருக்கலாம். வெளிக் கருவிகள் இரண்டுமே தொழிற்சாலையிலிருந்து ஒரே முகவரியோடு வருகின்றன. சோடியாக வாங்கி, அமைப்பைத் தொடாமல் மாட்டினால் இரண்டும் மோதும். ஒன்றை மேசையில் வைத்து முகவரியை மாற்றிவிட்டுத்தான் கூரையில் ஏற்ற வேண்டும். கூரையில் ஏற்றிய பிறகு மாற்றுவது எவ்வளவு சிரமம் என்பது ஜிங்க் தகரத்தின் மேல் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

இதிலேயே இன்னொரு வகை உண்டு. பின்கட்டடத்தில் ஒரே ஒரு கருவி மட்டும் வேலை செய்யும், இரண்டாவது ஆள் வந்ததும் யாராவது ஒருவருக்குப் போய்விடும். காற்று வழி இணைப்பில் எதிர்முனைக் கருவி ஒரு போனைப் போல வெறும் கிளையண்டாக இருப்பதால் பின்னால் இருக்கும் மற்ற கருவிகளின் அடையாளத்தைக் கடத்த மாட்டேன் என்கிறது. இரு முனைகளிலும் டபிள்யூடிஎஸ் அல்லது பிரிட்ஜ் என்று இருக்கும் அமைப்பைப் போடுங்கள். இரண்டு வெவ்வேறு நிறுவனக் கருவிகளுக்கு நடுவில் இது ஒழுங்காக ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரே வகையில் இரண்டாக வாங்குங்கள்.

அறிகுறி: இணையம் வருகிறது, வேகம் இல்லை

வேகப் பரிசோதனையில் எவ்வளவு முயன்றாலும் 94 மெகாபிட்டைத் தாண்டவில்லையா? அந்த எண் ஒரு நல்ல தடயம். கேபிள் இணைப்பு ஒரு கிகாபிட்டில் ஓடாமல் 100 மெகாபிட்டில் ஓடினால் நமக்குக் கிடைப்பது அவ்வளவுதான். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. ஒரு கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். ஒரு ஜோடி முறிந்தாலோ, கனெக்டருக்குள் ஒரு கம்பி சரியாகப் பதியாவிட்டாலோ கருவி தானாக 100க்கு இறங்கிக்கொள்ளும், இணையம் நிற்காது. இரு முனைக் கனெக்டரையும் வெட்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள். அப்படியும் 94 என்றால் கருவியின் துளையே 100 மெகாபிட் வகைதானா என்று பெட்டியைப் பாருங்கள். விலை குறைந்த வெளிக் கருவிகளில் அது சாதாரணம், அதற்கு மேல் எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

முப்பது நாற்பதுக்குக் கீழே, அதுவும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் ரிப்பீட்டர் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பிக் கொடுக்கும் ரிப்பீட்டரில் வேகம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அதைத் தோட்டத்து நடுவில், ஒரு ஜிங்க் சுவருக்குப் பின்னால் வைத்திருந்தால் அந்தப் பாதியிலும் பாதி. தகரம் ரேடியோ அலைகளைத் திருப்பி அடிக்கிறது. எங்கள் ஊரில் பின்கட்டடம் என்றால் பெரும்பாலும் தகரக் கூரை, தகரச் சுவர். ஆகவே வெளியே இருக்கும் அலையை உள்ளே இழுக்கப் பார்க்காதீர்கள். வெளிச் சுவரில் ஒரு கருவி, உள்ளே தனியாக ஒரு வைஃபை, நடுவில் ஒரு சின்னக் கேபிள் என்று வைத்தால்தான் சரிப்படும்.

நீளக் கேபிள் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. செம்பு நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. என்னுடையது 130 மீட்டர், ஆனாலும் ஆரம்பத்தில் ஓடியது. அதனால் அந்த எல்லை சும்மா எழுதி வைத்தது என்று நினைத்தேன். வெயில் ஏறிய மத்தியானங்களில் அறுந்து அறுந்து வந்தது. சூட்டில் கேபிளின் இழப்பு கூடும், எல்லையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த இணைப்புக்கு அந்தச் சின்ன வித்தியாசமே போதும்.

அறிகுறி: மழை பெய்தால் போகிறது

பாலிக் பூலாவில் மாமா இப்படித்தான் கூப்பிட்டார். "தம்பி, மழை வந்தா லைன் போயிடுது. மழை விட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வருது. இந்த வைஃபைக்கு மழை ஆகாதோ?"

"மழை விட்ட உடனே வருதா மாமா, இல்ல நேரம் ஆகுதா?"

"ஒரு மணி நேரம் ஆகுது, சில நாள் சாயங்காலம் வரைக்கும்."

அந்த ஒரு மணி நேரம்தான் விடை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை இருநூறு மீட்டர் போவதற்குள் எவ்வளவு கொட்டும் மழையாக இருந்தாலும் இழப்பது அளந்து பார்க்க முடியாத அளவுதான். மழைத்துளியே காரணம் என்றால் மழை விட்ட நொடியில் இணைப்பு வந்திருக்க வேண்டும். மழைக்குப் பிறகும் ஈரமாகவே இருக்கும் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. போய்ப் பார்த்தேன், இரண்டு கருவிகளுக்கும் நடுவில் ஒரு டுரியான் மரக் கிளை. கருவி மாட்டியபோது கிளை ஒரு கை அகலம் கீழே இருந்திருக்கிறது. இரண்டு வருடத்தில் வளர்ந்து பார்வைக் கோட்டில் ஏறிவிட்டது. காய்ந்த இலை கொஞ்சம் அலையை விடும், தண்ணீர் பூசிய இலை மிகவும் குறைத்துவிடும்.

இதில் பலர் ஏமாறுவது எங்கே என்றால், "இங்கிருந்து பார்த்தால் அந்தக் கருவி கண்ணுக்குத் தெரிகிறதே" என்பார்கள். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை ஒரு நூல் போலப் போவதில்லை, நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கிய வெள்ளரிக்காய் வடிவில் இடம் எடுத்துக்கொள்கிறது. இதை ஃப்ரெனல் வளையம் என்பார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 130 மீட்டர் தூரத்துக்கு நடுப்பகுதியில் பார்வைக் கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 1.3 மீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் 2 மீட்டர். அதில் குறைந்தது அறுபது சதவீதமாவது இலையும் கூரையும் இல்லாமல் காலியாக இருக்க வேண்டும். மாமாவின் மரத்தில் கிளையை வெட்ட மனம் வரவில்லை, அது காய்க்கும் கிளை. கொட்டகைப் பக்கத்துக் கருவியை ஒரு இரும்புக் குழாயில் இரண்டு மீட்டர் உயர்த்தி மாட்டினோம். சிக்னல் −71லிருந்து −54க்கு வந்தது.

இந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், வெளிக் கருவியின் பக்கத்திலேயே டிபிஎம் என்று போட்டிருக்கும். பூஜ்யத்துக்குக் கிட்டே வரவர நல்லது. திறந்த வெளியில் நூற்றைம்பது மீட்டருக்கு ஒரு சாதாரண வெளிக் கருவிச் சோடி −50 பக்கம் காட்ட வேண்டும். −70 வந்தால் குறுக்கே ஏதோ இருக்கிறது, அல்லது கருவி திரும்பியிருக்கிறது. மாட்டிய அன்றைக்கு வந்த எண்ணை மாஸ்கிங் டேப்பில் எழுதி அடாப்டர் மேல் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது கூப்பிடும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட உதவியான பொருள் எனக்குத் தெரியாது.

மரம் இல்லை, சிக்னல் எண்ணும் மாறவில்லை, ஆனாலும் மழைக்குப் போகிறது என்றால் கனெக்டரைத் திறந்து பாருங்கள். அண்ணியின் கட்டடத்தில் அப்படித்தான் ஆனது. கருவியின் அடிமூடியை நகர்த்தினேன், உள்ளங்கையில் தண்ணீர் ஒழுகியது. கனெக்டரை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால் எட்டுத் தகட்டில் மூன்று பச்சை பூத்திருந்தன. தண்ணீர் கருவியின் மூடி வழியாகப் புகவில்லை. மேலே ஒரு இடத்தில் கேபிளின் உறையை அணில் கொறித்திருந்தது, அந்த வழியாகப் புகுந்து உறைக்குள்ளேயே ஓடி, கீழே கனெக்டரில் சேர்ந்திருக்கிறது. எத்தனை டேப் சுற்றினாலும் இதைத் தடுக்க முடியாது. வெளிப்புறத்துக்கென்று செய்த கறுப்பு உறைக் கேபிளைப் போடுங்கள். வெள்ளை, சாம்பல் நிற உட்புறக் கேபிள் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே வெடிக்கும். கருவிக்குள் நுழைவதற்கு முன்னால் கேபிளை ஒரு கை நீளம் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே ஏற்றுங்கள். வெளிப்புறமாக வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

அறிகுறி: காரணமே இல்லாமல் ஒரு நிமிடம் போய் வருகிறது

வெயிலும் இல்லை, மழையும் இல்லை, நாளுக்குச் சில முறை சரியாக ஒரு நிமிடம் போய்த் திரும்ப வருகிறது என்றால் காற்று வழி இணைப்பின் சேனல் எண்ணை (அலை ஓடும் தடத்தின் எண்) பாருங்கள். 52 முதல் 64 வரை, 100 முதல் 144 வரை உள்ள சேனல்களை ரேடாரோடு பகிர்ந்துகொள்கிறோம். ரேடார் போன்ற அலையைக் கேட்டதும் கருவி அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும், அதே வகைப் புதுச் சேனலில் பேசுவதற்கு முன் குறைந்தது 60 நொடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். இது டிஎஃப்எஸ் என்ற விதி. தீவில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம், இந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஆகாயப் படைத் தளம் என்று இருக்கும் மாநிலத்தில் இதை மறக்கக் கூடாது. சேனலைத் தானியங்கி என்று விடாமல் 149 போன்ற ஒன்றில் நிறுத்துங்கள்.

நாட்டின் பெயரை மலேசியா என்றே வைத்திருங்கள். வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்தால் சக்தி கூடும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) வைத்திருக்கும் வரம்பைத் தாண்டுவது, மற்றவர் இணைப்பைக் கெடுப்பது. 130 மீட்டருக்கு அந்தச் சக்தி தேவையும் இல்லை. சொல்லப்போனால் கருவிகள் இருபது முப்பது மீட்டரில் நேருக்கு நேர் இருந்தால் சக்தியைக் குறைக்க வேண்டும். −35ஐவிட பலமாக வந்தால் வாங்கும் பக்கம் திணறுகிறது.

அறிகுறி: எல்லா விளக்கும் ஒன்றாக வெறிபிடித்தது போல மின்னுகிறது, வீட்டிலும் இணையம் போய்விட்டது

இது வளையம். ஒரு கேபிளின் இரு முனையும் ஒரே சுவிட்சில் செருகப்பட்டிருக்கும். அல்லது காற்று வழி இணைப்பும் பழைய கேபிளும் இரண்டும் உயிரோடு இருக்கும். ஒரு செய்தி சுற்றிச் சுற்றி வந்து பெருகி எல்லாவற்றையும் அடைத்துவிடும். எங்கள் வீட்டில் டியூஷனுக்கு வந்த ஒரு பிள்ளை, தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையைப் பார்த்து, கழன்று விழுந்துவிட்டது என்று நினைத்து, காலியாக இருந்த துளையில் அன்பாகச் செருகி வைத்தது. ஒரு கேபிள் ஒரு கேபிளாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் விளக்குகள் மின்னுவது அடங்குகிறதோ அதுதான்.

அறிகுறி: இடி இடித்த மறுநாள் இரு பக்கமும் செத்துக் கிடக்கிறது

இந்தப் பகுதியை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன்.

மலேசியாவில் இடி மின்னல் மிக அதிகம், உலகத்திலேயே மேல் வரிசையில் இருக்கும் இடங்களில் ஒன்று. நான் 130 மீட்டர் செம்புக் கேபிளை இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் வாழைத் தோப்பு வழியாக இழுத்தேன். ஒரு மாலையில் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் எங்கோ இடி விழுந்தது, எங்கள் வீட்டில் இல்லை. மறுநாள் வீட்டு ரவுட்டர், சுவிட்ச், பின்கட்டடத்து வைஃபை, அண்ணியின் பிரிண்டர், நான்கும் போயிருந்தன. ரவுட்டரில் அந்தக் கேபிள் செருகியிருந்த துளை மட்டும் கருகியிருந்தது, பக்கத்துத் துளைகள் பளபளப்பாக இருந்தன. எந்த வழியாக வந்தது என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது.

மின்னல் நேராகத் தாக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் விழுந்தாலே மண்ணின் மின்னழுத்தம் இடத்துக்கு இடம் மாறுகிறது. வீட்டின் எர்த் ஒரு அழுத்தத்திலும் பின்கட்டடத்தின் எர்த் இன்னொரு அழுத்தத்திலும் அந்தக் கணம் நிற்கின்றன. இரண்டையும் இணைக்கும் செம்பு இருந்தால் வித்தியாசம் முழுவதும் அதன் வழியாகப் பாயும். உலோக உறை போட்ட கேபிளை இரு பக்கமும் எர்த் செய்தால் அந்தப் பாதை இன்னும் நேரானதாகிவிடும். திடீரெனப் பாயும் மின்சாரத்தைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பான்கள் ஓரளவுக்கு உதவும், அதுவும் எர்த் ஒழுங்காக இருந்தால். எர்த் வேலைக்குப் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள், நாமே ஒரு கம்பியை மண்ணில் குத்திவைப்பது எர்த் ஆகாது.

ஆகவே இடிக்குப் பிறகு செத்த கருவிகளை மாற்றி அதே செம்புக் கேபிளில் மறுபடி மாட்டாதீர்கள். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் காற்று வழி இணைப்பு, அல்லது ஃபைபர். ஃபைபரில் ஓடுவது வெளிச்சம், கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. கடையில் கிடைக்கும் ஃபைபர் டிராப் கேபிளில் தாங்குவதற்கு ஒரு இரும்புக் கம்பி சேர்ந்து வரும். அந்தக் கம்பியைக் கட்டடத்துக்கு வெளியிலேயே பிரித்து நிறுத்திவிடுங்கள், உள்ளே கருவி வரை கொண்டுவந்தால் ஃபைபர் போட்ட பயனே போய்விடும்.

ஃபைபரின் வெளிச்சத்தைக் கேபிள் சிக்னலாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் இரண்டு, இரு முனையும் கனெக்டர் அடித்து வரும் 150 மீட்டர் ஃபைபர், சில நூறு வெள்ளிக்குள் முடிந்தது. கருகிப்போன நான்கு பொருளுக்கு அதைவிட அதிகம் கொடுத்திருந்தேன்.

அறிகுறி: ஃபைபர் போட்டேன், இணைப்பு விளக்கு எரியவில்லை

கனெக்டரின் நிறத்தைப் பாருங்கள். வீட்டு மோடத்துக்கு வரும் ஃபைபரில் பச்சை, மீடியா கன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் நீலம். பச்சையின் முனை சாய்வாகத் தீட்டப்பட்டது, நீலம் நேரானது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும், ஆனால் முகத்தோடு முகம் சேராது. வெளிச்சம் நடுவில் வீணாகும், முனையும் கீறிப்போகும். இரு முனையும் நீலமாக உள்ள கேபிளைக் கேட்டு வாங்குங்கள்.

ஒற்றை இழை ஃபைபர் என்றால் கன்வெர்ட்டர்கள் ஏ, பி என்று சோடியாக இருக்க வேண்டும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550இல் வாங்கும், மற்றது தலைகீழ். இரண்டும் ஏ என்று வந்துவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் எரியாது. என் முதல் பெட்டியில் அப்படித்தான் வந்தது, ஒரு நாள் முழுதும் கேபிளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதுவும் சரி என்றால் முனையைத் துடையுங்கள், அதற்கென்று இருக்கும் துணியாலோ சுத்தமான ஆல்கஹாலாலோ. கண்ணுக்குத் தெரியாத தூசியே போதும் தடுக்க. ஓடிக்கொண்டிருக்கும் ஃபைபரின் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீர்கள், அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். பிறகு பாதை முழுக்க நடந்து, எங்காவது ஆணியில் சுற்றிக் கூர்மையாக மடங்கியிருக்கிறதா, பாராங் கத்தி பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாழைத் தோப்பில் வேலை செய்பவருக்கு அது எங்கே ஓடுகிறது என்று முன்கூட்டியே காட்டி வைப்பது நல்லது. நான் அதை ஒரு பிவிசி குழாய்க்குள் விட்டேன்.

மீடியா கன்வெர்ட்டரைத் தகரக் கட்டடத்தில் கூரைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், சூட்டில் சீக்கிரம் போகும். கன்வெர்ட்டருக்கு மின்சாரம் தரும் அடாப்டரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தூக்கிப் பாருங்கள். இளஞ்சூடான இடம் என்பதால் எறும்பு கூடு கட்டும். கோவில் மண்டபத்தில் விளக்கு எரியாததற்குக் காரணம் அதுதான், அடாப்டரைத் தட்டியதும் முட்டையோடு கொட்டின.

அறிகுறி: பிளக்கில் செருகும் பவர்லைன் கருவி பின்கட்டடத்தில் ஒன்றையொன்று பார்க்கவில்லை

பவர்லைன் கருவி வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தைக் கடத்துகிறது. பின்கட்டடத்துக்குத் தனி மின் மீட்டர் இருந்தால் விட்டுவிடுங்கள், ஓடாது. ஒரே டிபி பாக்ஸிலிருந்து (மின்சாரம் பிரிந்து போகும் பெட்டி) போகும் கம்பி என்றால் ஓடலாம், ஆனால் சர்ஜ் தடுப்பான் உள்ள நீட்டிப்புப் பலகையில் செருகாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். மும்முனை மின்சாரம் உள்ள வீட்டில் இரண்டு பிளக்கும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் வேகம் விழும். 130 மீட்டருக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அறிகுறி: பின்கட்டடத்துக்கு நடந்து போகும்போது வீடியோ அழைப்பு தொங்கிவிடுகிறது

அண்ணி வீட்டிலிருந்து பேசிக்கொண்டே நடப்பார், கட்டடத்துக்குள் நுழைந்த பிறகும் போன் வீட்டு வைஃபையையே ஒரு பட்டையில் பிடித்துக்கொண்டிருக்கும். எந்தக் கருவியோடு இருப்பது என்று முடிவெடுப்பது போன்தான், ரவுட்டர் இல்லை. இரண்டு இடத்துக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு வகை வையுங்கள், சேனல் மட்டும் வெவ்வேறாக இருக்கட்டும். அப்புறம் வீட்டு ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சக்தியை நடுத்தரத்துக்கு இறக்குங்கள். அதிகச் சக்தியில் வைத்தால் ரவுட்டரின் குரல் தோப்பைத் தாண்டிக் கேட்கும், போனின் சின்னக் குரல் திரும்பிப் போய்ச் சேராது. இதைச் செய்த பிறகு அண்ணியின் போன் கட்டடத்துப் படியேறும் முன்பே தானாக மாறிக்கொள்கிறது.